கப் வண்டியும் கழற்றிக்கொண்டு போகிறவர்களும்



ஆனி மாதம் நெருங்கினால் நமது தோட்டங்களில் நயினாதீவுப் பேச்சு தொடங்கிவிடும். நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கென்று வருஷம் முழுக்கச் சீட்டுப் பிடித்துக் காசு சேர்க்கிற லயங்கள் உண்டு. ஆட்களுக்கு ஒரு பஸ் அல்லது வேன். அண்டா, அரிசி மூட்டை, விறகு, படங்கு எல்லாவற்றுக்கும் ஒரு கப் வண்டி. பிக்கப் என்று கம்பனிக்காரர்கள் எழுதுவார்கள், நாம் கப் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சின்னப் பட்டா லொறியில் போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது அவர்களுக்கும் பொருந்தும்.

வண்டியை முழுசாகத் திருடுவது ஒரு ரகம். அதற்குத் துணிச்சல் வேண்டும், சாவி வேண்டும், வழியில் பொலிஸ் மறித்தால் சொல்வதற்குப் பதில் வேண்டும். வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு ஸ்பெயார் வீல், பற்றரி, பக்கக் கண்ணாடி, பின்கதவு, டீசல் மூடி என்று கழற்றிக்கொண்டு போவது இன்னொரு ரகம். இதற்கு ஒரு ஸ்பெனரும் ஐந்து நிமிஷமும் போதும். நம்மைப் போன்றவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்தான். "அட, பழைய கண்ணாடி, இதையெல்லாம் யாரு எடுக்கப் போறாங்க" என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள்.

தோட்டத்துக் கப் வண்டி சொகுசுக்கு நிற்கிற வாகனம் அல்ல. 1990 அம்புலன்ஸ் சேவை வந்த பிறகும், மழைக்கு அடித்துப்போன பாதையில் அது மேல் டிவிஷன் வரை ஏற முடியாத நாட்கள் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலி எடுத்த பிள்ளையை மெயின் ரோட்டு வரைக்கும் இறக்கிக் கொடுப்பது இந்த வண்டிதான். அந்த நேரத்தில் பற்றரியைக் காணோம் என்றால், அது இருபதாயிரம் முப்பதாயிரம் ரூபா நட்டம் என்று மட்டும் கணக்குப் போட முடியாது.

இனிக் குறிகட்டுவானுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் வேலணை. அங்கிருந்து இன்னொரு நீண்ட கடற்பாலத்தால் புங்குடுதீவு. அதன் மறு கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை. ரோட்டு அதோடு முடிகிறது. நயினாதீவுக்குப் படகில் பதினைந்து இருபது நிமிஷம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். நம்ம வண்டி படகில் ஏறாது. கரையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். காலையில் போய், பூசை பார்த்து, அன்னதானத்தில் சாப்பிட்டு, நாகவிகாரையையும் கும்பிட்டுத் திரும்பப் பின்னேரம் ஆகிவிடும். திருவிழா நாளில் படகுக்கு வரிசையில் நிற்கிற நேரமும் இருக்கிறது.

கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு இதில் ஒரு வசதி. மற்ற இடங்களில் வண்டிக்காரன் எந்த நேரம் திரும்பி வருவான் என்று அவனுக்குத் தெரியாது. இங்கே தெரியும். படகு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். வேலணையில் சாட்டிக் கடற்கரையில் எல்லோருமாகக் கடலில் இறங்கிக் குளிக்கிறபோதும் இதே நிலைமைதான். அங்கே சாவியையும் உடுப்போடு சேர்த்துக் கரையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதைப் படித்துவிட்டுத் தீவுக்காரர்கள் கள்ளர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. திருட்டு எங்கே ஆளில்லையோ அங்கே நடக்கும். இதை அந்த மக்கள் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். 1990களின் தொடக்கத்தில் யுத்தம் காரணமாகத் தீவுகளிலிருந்து பெருந்தொகையான சனம் இடம்பெயர்ந்து போனது. ஆளில்லாத வீடுகளில் கதவு, யன்னல், ஓடு, மரம் என்று கழற்ற முடிந்தவை எல்லாம் போய்விட்டன. இன்றைக்கும் வேலணை, புங்குடுதீவு வழியாகப் போகும்போது ரோட்டோரத்தில் கூரையில்லாத, நிலை பிடுங்கிய வீடுகளைப் பார்க்கலாம். அவை கழற்றிக்கொண்டு போனதால் நட்டப்பட்டவர்களின் வீடுகள்.

அது மட்டுமல்ல. நான் கூடப் போன ஒரு பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நயினாதீவு முடித்துத் திரும்பி வருகையில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும்போது கப் வண்டியின் பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. ஸ்பெயார் வீலை இறக்கலாம் என்று குனிந்து பார்த்தால் வெறும் சங்கிலி தொங்குகிறது. "குறிகட்டுவான்ல தூக்கிட்டானுங்க" என்று உடனே எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வண்டி தோட்டத்தை விட்டுப் புறப்படும்போது வீல் இருந்ததா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தம்புள்ளையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள், வவுனியாவில் நித்திரை கொண்டார்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு ராத்திரி மடத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். ஓர் இடத்திலும் ஒருவரும் வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை. தோட்டத்துக்கு வந்த பிறகு பழி இரண்டு பேர் தலையில் விழுந்தது. ஒருவர் சாரதி. மற்றவர், வண்டி புறப்பட்டதற்கு முதல் நாள் ராத்திரி காவலுக்கு இருந்த வாச்சர். வாச்சர் "நான் பார்க்கல" என்றார், அது உண்மையும்தான், பொய்யென்று எடுத்தாலும் மறுக்க வழியில்லை. கடைசியில் சாரதி மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டினார். எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

வீல் போனதைவிட, எங்கே எப்போது போனது என்று சொல்ல முடியாமல் போனதுதான் அந்த மனுஷரை மாட்டிவிட்டது. ஆகவே பூட்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு பத்து ரூபாக் கொப்பியை வாங்குங்கள், அதாவது இன்றைய விலைக்கு எத்தனையோ அத்தனைக்கு. புறப்படும்போது சாரதியும் பயணத் தலைவரும் சேர்ந்து வண்டியைச் சுற்றி வந்து ஸ்பெயார் வீல், பற்றரி, இரண்டு கண்ணாடி, பின்கதவு, பின்விளக்கு, டீசல் மூடி, ஜெக், படங்கு, கயிறு, ரேடியோ செட் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். நிறுத்தி எழும்புகிற ஒவ்வொரு இடத்திலும் இதே சுற்று. இடம், நேரம், "சரி" என்று ஒரு சொல் எழுதினால் போதும். மூன்று நிமிஷ வேலை. கையில் போன் இருந்தால் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளலாம், நேரம் அதிலேயே பதிவாகும். ஆனால் குனிந்து அடிப்பக்கத்தையும் எடுக்க வேண்டும். எல்லோரும் வண்டிக்கு முன்னால் நின்று சிரித்த படம் இதற்கு உதவாது.

அடுத்தது நிறுத்துகிற விதம். இதற்குச் செலவே இல்லை. கப் வண்டியில் களவுக்கு லேசான சாமான்கள் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. ஸ்பெயார் வீல் தட்டுக்கு அடியில் சங்கிலியிலோ கம்பிக் கயிற்றிலோ தொங்குகிறது. பின் பம்பருக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டையில் நீண்ட கம்பியை விட்டுச் சுற்றினால் தானாகக் கீழே இறங்கிவிடும். அந்தக் கம்பி ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள், ஒன்று பலதுக்குப் பொருந்தும். பின்கதவைப் பாதி திறந்து ஒரு பக்கத்தைத் தூக்கினால் பல வண்டிகளில் கீலிலிருந்து அப்படியே கழன்று வந்துவிடும், ஸ்பெனரும் தேவையில்லை. பின்விளக்கின் ஸ்குரூ ஆணிகள் பின்கதவைத் திறந்தால்தான் வெளியே தெரியும்படி பல கம்பனிகள் செய்திருக்கின்றன.

அப்படியானால் பின்கதவு திறக்க இடமில்லாமலும் பின் பம்பருக்குப் பக்கத்தில் ஆள் குந்த இடமில்லாமலும் நிறுத்தினால் மூன்றும் ஒரேயடியாகக் காப்பாற்றப்படும். மதில் இருந்தால் பின்பக்கத்தை மதிலோடு அணைத்து ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துங்கள். மதில் இல்லாவிட்டால் கூட வந்த வேனோ இன்னொரு கப்போ பின்னுக்குப் பின்னாக நிற்கட்டும். தோட்டத்தில் பெக்டரிப் பக்கம் நிறுத்துகிறபோதும் இதைச் செய்யலாம். நம் சாரதிமார்களுக்குக் காலையில் புறப்பட வசதியாக முன்பக்கத்தை ரோட்டுக்குக் காட்டி நிறுத்துகிற பழக்கம் ஏற்கெனவே உண்டு. இன்னும் இரண்டு அடி பின்னால் எடுத்தால் சரி.

பூட்டுக்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஸ்பெயார் வீலுக்கு நல்ல தடித்த சங்கிலியை ரிம்மின் ஓட்டைக்குள்ளால் எடுத்து வண்டியின் சட்டத்தைச் சுற்றி ஆமைப்பூட்டுப் போடுங்கள். கதவுக்குக் கீலில் ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கிவிட்டால் தூக்கிக் கழற்ற முடியாது. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அதே கிளிப்தான், ஹாட்வெயார் கடையில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும். அமெரிக்காவிலும் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதையேதான் செய்கிறார்கள். அங்கே பின்கதவுத் திருட்டு பெரிய தொல்லையாக இருந்து வந்திருக்கிறது. பற்றரிக்குத் தகடு வளைத்து ஒரு கூடு அடித்து அதன்மேல் பூட்டுப் போடலாம். பட்டா போன்ற சின்ன லொறிகளில் பற்றரி வெளியே பக்கத்தில் இருப்பதால் அதற்கு இது கட்டாயம். பழைய பற்றரியின் நிறையில் பாதிக்கு மேல் ஈயம். வேலை செய்யாத பற்றரியைக்கூட நிறுத்து வாங்க ஆள் இருப்பதால் "இது செத்த பற்றரிதானே" என்று விடக்கூடாது. சில்லுகளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு லொக் நட் போதும். ஆனால் அதன் திறப்புக் கட்டையைச் சாரதி தன்னோடு வைத்திருக்க வேண்டும். அதை வீட்டில் வைத்துவிட்டு ஆனையிறவில் காற்றுப் போய் நின்றவர்களும் உண்டு.

புது டீசல் வண்டிகள் சிலவற்றின் புகைக் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் ஒரு பெட்டி இருக்கிறது. பிளாட்டினம், பலேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் அதற்குள் உள்ளன. வெளிநாடுகளில் இதை அறுத்துக்கொண்டு போகிறார்கள். கப் வண்டி உயரமானது, ஜெக் வைக்காமலே அடியில் புகுந்துவிடலாம். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று கராஜில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நமது பழைய வண்டிகள் பலவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

பூட்டு நேரத்தைக் கூட்டும், அவ்வளவுதான். சாமானை விற்க முடியாமல் செய்வது அதைவிடப் பெரிய காரியம். தீவகத்தில் மாடு களவு போவது பழைய தொல்லை. அதற்கு அந்த மக்கள் கண்ட வழி மாட்டுக்குக் குறி சுடுவது. குறியைப் பார்த்தால் யாருடைய மாடு என்று ஊர் சொல்லும், பொலிஸும் கேட்கும். நமது வண்டிக்கும் குறி வைப்போம். வாகன இலக்கத்தைக் கராஜில் உள்ள நம்பர் பஞ்சால் ரிம்மிலும், பின்கதவின் உட்பக்க விளிம்பிலும், ஜெக்கிலும் அடித்து வைக்கலாம். பக்கக் கண்ணாடியில் இலக்கம் வெட்டிக் கொடுக்கிற கடைகள் டவுனில் உண்டு. இலக்கம் வெட்டிய கண்ணாடியை இன்னொரு வண்டிக்குப் போட்டால் எல்லோருக்கும் தெரியும், எடுக்கிறவன் யோசிப்பான். பற்றரியின் மேல் விளிம்பில் மட்டும் மேலோட்டமாகக் கீறுங்கள். ஆழமாகச் சுட்டால் அசிட் வெளியே வரும். டயரைச் சுடவே கூடாது, பக்கச் சுவர் பலவீனமாகிவிடும். அதற்குப் பதிலாக டயரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துக்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கடைசி நாலு இலக்கம் அது செய்யப்பட்ட வாரமும் வருஷமும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரே மாதிரியான டயர்கள் பலவற்றில் இது ஒன்றாகவே இருக்கலாம். என்றாலும் ரிம்மில் அடித்த இலக்கத்தோடு சேர்த்துச் சொன்னால் பேச்சுக்குப் பலம் இருக்கும்.

குறிகட்டுவான் என்ற பெயரிலும் ஒரு குறி இருக்கிறது. பெயர் வந்த காரணம் வேறாக இருக்கலாம், ஞாபகம் வைத்துக்கொள்ள நமக்கு உதவட்டும்.

இவற்றை வாங்குகிறவர் யார்? இங்கேதான் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர் முந்நூற்றறுபது ரூபா வரை ஏறியது. புதுச் சாமான் கைக்கெட்டாமல் போக, பழைய வண்டியைப் பழைய சாமானால் ஓட்டினோம். யாழ்ப்பாணத்தார் இதை முன்பே அனுபவித்தவர்கள். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியும் பெற்றோலும் இல்லாமல் மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடின. ஒரு நட்டைக்கூட எறியாமல் வைத்திருந்தார்கள். தட்டுப்பாடு வந்தால் பழைய சாமானுக்குப் பெறுமதி வரும், பெறுமதி வந்தால் கள்ளனும் வருவான். நெடுந்தீவில் வருகிற ஆட்களை ஏற்றிக் காட்டுக் குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் சுற்றிக் காட்டுகிறவை பழைய கப் வண்டிகள்தான். அங்கே ஒரு சாமான் போனால் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வரும் வரைக்கும் ஒரு குடும்பத்துக்கு உழைப்பில்லை.

பழைய சாமான் வாங்குவது குற்றமல்ல. கொழும்பில் பஞ்சிகாவத்தை முழுக்க அந்த வியாபாரம் நேர்மையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பில் கேளுங்கள், கடையின் பெயரும் திகதியும் அதில் இருக்க வேண்டும். ராத்திரியில் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து "பாதி விலைக்குத் தாறேன், வெளியே சொல்லாதீங்க" என்பவனிடம் வாங்குவது வேறு விஷயம். களவுச் சாமான் என்று தெரிந்து, அல்லது அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவின்படி குற்றம். நம் தோட்டத்து இளைஞர்கள் சிலர் திரீவீலுக்கு மலிவாகக் கண்ணாடி கிடைக்கிறதென்று இதில் மாட்டிக்கொள்கிறார்கள். எடுத்தவன் தப்பிவிடுவான், பொருத்திக்கொண்டு டவுனில் ஓடுகிறவன் அகப்படுவான்.

எல்லாம் செய்தும் ஒன்று போய்விட்டால், தெரிந்த இடத்திலேயே முறைப்பாடு செய்ய வேண்டும். தோட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்று புறப்பட்டுவிட்டால், மலையகத்துப் பொலிஸில் "அங்கேயே ஏன் சொல்லல்ல" என்றுதான் முதலில் கேட்பார்கள். இறங்குதுறையில் கடமையில் இருப்பவர்களிடம் எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். 119க்கும் சொல்லலாம். வாகனப் புத்தகத்தின் பிரதி, கொப்பி, போனில் உள்ள படம் மூன்றையும் காட்டுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள், இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். மூன்றாம் ஆளுக்கான இன்சூரன்ஸ் மட்டும் எடுத்த வண்டிக்கு இந்த நட்டம் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் எடுத்தவர்களும் தனிச் சாமான் களவு போனால் தருவார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சாரதியிடமோ வாச்சரிடமோ "நட்டத்தைக் கட்டுகிறேன்" என்று எழுதி வாங்க வருவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காமல் தொழிற்சங்கத் தலைவரிடம் காட்டுங்கள், என்னிடமும் கொண்டு வாருங்கள். கொப்பியில் ஒவ்வொரு இடத்திலும் "சரி" என்று இருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரிப் போகும். தோட்டத்திலும் அப்படித்தான். வாச்சர் கடமைக்கு வரும்போதும் போகும்போதும் வண்டியைப் பார்த்துப் பாரம் எடுக்கவும் கொடுக்கவும் வேண்டும். பார்க்காத பொருளுக்குப் பொறுப்பெடுக்கச் சொல்வது நியாயமல்ல என்பதைத் துரைமார்களும் ஒத்துக்கொள்வார்கள்.

குறிகட்டுவானில் வண்டிக்கு ஆள் விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் படகேறிவிட்டுச் சாரதியை மட்டும் வெயிலில் வண்டியோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். சாரதியும் மனுஷன்தான், முந்நூறு மைல் ஓட்டி வந்தவருக்கும் அம்மனைக் கும்பிட ஆசை இருக்காதா? இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். முதல் கூட்டம் காலைப் படகில் போய் வரட்டும், அதுவரை இரண்டாவது கூட்டத்தில் இரண்டு பேர் வண்டியடியில் இருக்கட்டும். பிறகு மாறிக்கொள்ளலாம். சமையலையும் அங்கேயே வைத்துக்கொண்டால் வண்டிக்குப் பக்கத்தில் எப்போதும் சனம் இருக்கும். நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு இது சரிவராது. நாள் முழுக்கப் போய்விடும் என்பதால் அவர்கள் வண்டியை யாழ்ப்பாணத்தில் தங்குமிடத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் குறிகட்டுவானுக்கு வருவது மேல்.

திரும்பி வரும்போது செய்ய வேண்டிய ஒன்று. கடற்பாலத்தில் போகும்போது உப்புக் காற்று வண்டிக்கு அடியில் படியும். நாம் போட்ட சங்கிலி, ஆமைப்பூட்டு, ஹோஸ் கிளிப், லொக் நட் எல்லாம் துருப்பிடித்து இறுகிவிட்டால், அடுத்த முறை ராத்திரியில் சில்லு மாற்ற நமக்கே முடியாமல் போகும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வண்டி கழுவுகிற இடத்தில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு வந்ததும் பூட்டுக்குள் இரண்டு துளி எண்ணெய் விட்டு, ஸ்பெயார் வீலை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். லொக் நட்டையும் மாதம் ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டும்.